பாலாவில் ஓடினார்கள், நாகர்கோவிலில் ஏன் ஓடவில்லை?

கல்லூரிகளின் வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர் எது கிடைத்தாலும் வாங்கி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எடைக்குப் போடுகிற கடையில் சல்லிசாகக் கிடைக்கும். உள்ளூர் வரலாறு தேடுகிறவனுக்கு அது ஒரு சுரங்கம்தான். ஆனால் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எந்த மலரிலும் முழுசாகப் படிக்க முடிவதில்லை. நடுவில் ஒரு கேடயம். அதைப் பிடித்துக்கொண்டு முதல்வர், பக்கத்தில் தாளாளர். ஓடி ஜெயித்த பிள்ளை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். கீழே பதக்கப் பட்டியல், முடிந்தது கதை.

ஒரு சின்னக் கல்லூரி எப்படி நாடறிந்த தடகள வீரர்களை உண்டாக்கியது என்ற கேள்விக்கு இந்தப் பக்கங்களில் பதில் இல்லை. இருப்பதுபோல ஒரு தோற்றம் மட்டும் இருக்கிறது. அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நம்மூர்க் கல்லூரிகள் தப்பான பாடம் படித்தன என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். கோட்டயத்துக்குப் பக்கத்தில் பாலா. அங்கே 1964இல் தொடங்கிய அல்போன்சா கல்லூரி, பெண்கள் கல்லூரி. ஷைனி வில்சன், அன்றைக்கு ஷைனி ஆபிரகாம், அங்கே படித்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் அரையிறுதி வரை போனார். 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தார். பாலக்காட்டு மெர்சி கல்லூரியில் படித்த எம்.டி. வல்சம்மா 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடியில் ஓடித் தங்கம் எடுத்தார். திருச்சூர் விமலா கல்லூரியிலிருந்து வந்தவர் அஞ்சு பாபி ஜார்ஜ். 2003இல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார். மூன்றுமே பெண்கள் கல்லூரிகள்.

நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரி தொடங்கியது 1965இல். அதுவும் பெண்கள் கல்லூரி, அதை நடத்துவது கன்னியாஸ்திரிகள். அல்போன்சாவுக்கும் இதற்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். நாகர்கோவிலிலும் ஓடிய பிள்ளைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தடகளம் என்றதும் பாலா நினைவுக்கு வருகிற மாதிரி நாகர்கோவில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு நம்மாட்கள் டீக்கடையில் சொல்லுகிற காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மலையேறி விவசாயம் செய்த குடும்பம், உடம்பு உரமேறினது என்பார்கள். குலசேகரத்திலும் அருமனையிலும் நாம் ஏறாத மலையா, போடாத ரப்பரா? மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்தவர்கள் என்பார்கள். மரச்சீனியைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினவர் விசாகம் திருநாள் மகாராஜா. நாமும் அன்றைக்குத் திருவிதாங்கூர்தான், நம் அடுப்பிலும் அதுதான் வெந்தது. படிப்பறிவு, சர்ச், பெண்பிள்ளையை வெளியே விடுகிற மனசு என்று என்ன சொன்னாலும் அதெல்லாம் இங்கேயும் இருந்ததுதான். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் பலித்தது இந்தப்பக்கம் பலிக்கவில்லை என்றால் காரணம் மண்ணிலோ ரத்தத்திலோ இருக்க வழியில்லை.

பின்னே எதில்? விடுதியில்.

பூஞ்ஞாறு அரண்மனைக்காரரான கர்னல் கோதவர்ம ராஜா, ஜி.வி. ராஜா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பெண் எடுத்தவர். 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கவுன்சிலை உண்டாக்கினார். அதுதான் பிறகு கேரள விளையாட்டுக் கவுன்சில் ஆனது. ஆண்டைக் கவனியுங்கள். 1954இல் நாகர்கோவிலும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை, ரெண்டே ரெண்டு வருஷம், நாமும் அந்தக் கவுன்சிலின் ஆட்கள்! நமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் மாநில எல்லையோடு அறுந்தது. நான் எல்லைப் போராட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை, தமிழோடு சேர்ந்தது சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போனவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதில் இதுவும் ஒன்று.

அந்தக் கவுன்சிலும் கேரள அரசும் செய்த காரியம் கேட்கச் சாதாரணமாக இருக்கும். பள்ளிகளில் விளையாட்டுப் பிரிவு, கல்லூரிகளில் விளையாட்டு விடுதி. பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும், சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கும், பயிற்சியாளரைப் போடும். கல்லூரி இடமும் மைதானமும் படிப்பும் கொடுக்கும். 1976இல் கண்ணூர் பிரிவில் சேர்ந்த பி.டி. உஷாவுக்கு மாதம் 250 ரூபாய் உதவித்தொகை. ஷைனி கோட்டயம் பிரிவில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் அல்போன்சாவுக்கு வந்தார். அதாவது கல்லூரி வாசலுக்கு வரும்போதே அவர் ஓட்டக்காரி. கல்லூரி அவரை உண்டாக்கவில்லை, கெடாமல் பார்த்துக்கொண்டது. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுதான் பெரிய வேலை.

400 மீட்டர் ஓடுகிற பதினெட்டு வயசுப் பெண்ணை யோசித்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்கவேண்டும், சாயங்காலம் திரும்பவும் ரெண்டு மணி நேரம். நடுவில் வகுப்பு. முட்டை, பால், இறைச்சி வேண்டும், தூக்கம் வேண்டும். தோவாளைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு இதில் எது கிடைக்கும்? ஆறு மணி மைதானத்துக்கு அவள் நாலரைக்கு எழும்பி பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடிவரவேண்டும். சாயங்காலப் பயிற்சி முடிந்தால் இருட்டிவிடும். வீட்டில் ஒரு மாசம் பொறுப்பார்கள், ரெண்டாவது மாசம் ‘போதும் மக்களே’ என்பார்கள். அவள் திறமை அதோடு சரி. கன்னியாஸ்திரிகளின் கண்டிப்பான விடுதி என்றால் அப்பனும் அம்மையும் நம்பி அனுப்புவார்கள். அந்தக் கண்டிப்பைப் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. ஆனால் 1980களில் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு ஓடுகளத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு இருக்கிறது.

பிறகு வேலை. உஷாவும் வல்சம்மாவும் ரயில்வேயில், ஷைனி இந்திய உணவுக் கழகத்தில். ஓடினால் சர்க்கார் வேலை என்று கண்ணால் கண்ட ஊரில் அடுத்த பிள்ளையை விடுதிக்கு அனுப்ப யாரும் தயங்குவதில்லை.

மலர்கள் இதில் ஒன்றையும் சொல்வதில்லை. ஆகவே படிக்கிறவர் என்ன நினைப்பார்? கல்லூரிக்கு ஏதோ ராசி, அல்லது முதல்வருக்கு விளையாட்டில் ஆர்வம். உடனே நம்மூரில் விளையாட்டு விழாவைப் பெரிசாக நடத்துவார்கள், விருந்தினரை அழைப்பார்கள், கேடயம் வாங்குவார்கள். சமையல்கட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக ஒதுக்கமாட்டார்கள்.

இன்னொரு வம்பு, கணக்கு. அகில இந்தியப் போட்டி பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடப்பது, கல்லூரிப் பெயர் அதில் முங்கிப்போகும். பாலாவின் பதக்கங்கள் முதலில் கேரளப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் 1983க்குப் பிறகு மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் பெயரிலும் ஏறின. நாகர்கோவில் கதை இன்னும் மோசம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் தொடங்கியது. அது சென்னை, திருவிதாங்கூர், மறுபடி சென்னை, மதுரை, கடைசியில் 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் என்று பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே வந்தது. 1940களில் அங்கே ஒருவர் நன்றாக ஓடியிருந்தால் அவர் பெயரைத் திருவனந்தபுரத்தில் போய்த் தேடவேண்டும்.

விடுதிதான் காரணம் என்பதற்கு இன்றைய சாட்சியும் உண்டு. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின் மும்முறைத் தாண்டலில் எல்தோஸ் பால் 17.03 மீட்டர், அப்துல்லா அபூபக்கர் 17.02. தங்கம், வெள்ளி. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நின்ற ரெண்டு பேரும் கோதமங்கலம் மார் அத்தனேசியஸ் கல்லூரியில் படித்தவர்கள். எல்தோஸ் அந்தப் பக்கத்துக்காரர், அப்துல்லா கோழிக்கோட்டு நாதாபுரத்திலிருந்து வந்தவர். நாலாவதாக வந்தவர் நம்ம பிரவீன் சித்திரவேல், 16.89. வெண்கலம் மூன்று சென்டிமீட்டரில் போனது.

மூடபித்ரி ஆல்வாஸ் வேறு ரகம். அங்கே செலவு செய்வது தனியார் அறக்கட்டளை. திறமை உள்ள பிள்ளைகளை எந்த மாநிலத்திலிருந்தும் எடுத்துப் படிப்பு, சோறு, தங்குமிடம் எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2018 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96இல் ஓடி வெள்ளி எடுத்த தருண் அய்யாசாமி திருப்பூர்க்காரர், படித்தது ஆல்வாஸில். இதைச் சந்தையில் பிள்ளை பிடிப்பது என்று கேலி பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. திருப்பூரிலிருந்து மூடபித்ரி வரை போகாமலிருக்க நடுவில் நாம் என்ன வைத்திருந்தோம்?

தூத்தூர் கடற்கரைக்காரர்கள் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள், கால்பந்து எங்கே போச்சு என்று. நியாயம்தான். ஆனால் அங்கே பந்து ஓடுவது ஊர் மன்றங்களின் பலத்தில். சாயங்காலம் கடற்கரைக்கு வந்தால் ஆட ஆள் கிடைக்கும். தனியாகக் கடிகாரத்தோடு ஓடுகிறவளுக்கு ஊர் கூடி வராது.

ஒரு கோரிக்கை. கல்லூரி மலருக்கு எழுதுகிற பேராசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த மலரில் விடுதி வார்டன் யார், பயிற்சியாளருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், காலையில் எத்தனை முட்டை, பதக்கம் வாங்காத பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு பக்கம் போடுங்கள். 1954 முதல் 1956 வரையிலான நாகர்கோவில் கல்லூரி விளையாட்டுப் பதிவேடு எதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வந்து பார்த்துக்கொள்கிறேன்.