பிரெஞ்சு இறந்தகாலமும் தமிழ் வினையெச்சமும்

பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் தமிழ் இலக்கணம் கேட்க வரும் மாணவி ஒருத்தி பிரெஞ்சும் பயில்கிறாள். சென்ற மாதம் ஒரு நாள் பிரெஞ்சுப் பயிற்சிநூலைக் கையோடு கொண்டு வந்து, "ஐயா, ஒரே செயலுக்கு இவர்களுக்கு எதற்கு இரண்டு இறந்தகாலம்? பேசும்போது ஒன்று, எழுதும்போது வேறொன்று என்கிறார்கள். தமிழில் ஒன்றுதானே இருக்கிறது?" என்றாள். எளிய கேள்விபோல் தோன்றினும் விடை எளிதன்று. பிரெஞ்சு நூல்கள் நேரே தமிழுக்கு வரத் தொடங்கியபின் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

முதலில் பிரெஞ்சு நிலையைச் சுருங்கக் காண்போம். 'பேசினான்' என்பதை அம்மொழியில் 'இல் பார்லா' என்னலாம். 'இல் ஆ பார்லே' என்றும் சொல்லலாம். முன்னது ஒரே சொல்லாக நிற்கும் தனிநிலை இறந்தகாலம். இலத்தீன் மொழியின் பழைய வினைவடிவத்திலிருந்து வந்தது. பின்னது 'உடைமை' பொருள்தரும் துணைவினையோடு எச்சவடிவம் ஒன்றைக் கூட்டி அமைத்த கூட்டுநிலை. ஒருகாலத்தில் இரண்டும் பேச்சில் வழங்கின. இன்று நடந்ததற்குக் கூட்டுநிலை, ஓர் இரவேனும் கடந்ததற்குத் தனிநிலை என்று 1660இல் வெளிவந்த போர்ட் ராயல் இலக்கணம் வகுத்தது. பின்னர்ப் பேச்சு தனிநிலையை மெல்ல மெல்லக் கைவிட்டது. இன்று அது வரலாற்றிலும் புதினத்திலும் தேவதைக் கதைகளிலும் வாழ்கிறது. கடைக்குப் போய்வந்த ஒருவர் அவ்வடிவில் பேசினால் கேட்பவர் நகைப்பர்.

அதன் உருவங்களைக் கற்பது பிரெஞ்சுச் சிறாருக்கே கடினம். 'பேசு' என்பதைப் போன்ற பெருந்தொகை வினைகள் ஆகார ஒலி பெறும். வேறு சில இகரமும், வேறு சில இதழ் குவிந்த உகரமும் பெறும். 'வா' என்னும் வினை இம்மூன்றிலும் அடங்காது மூக்கொலி பெற்று 'வேன்' என நிற்கும். 'செய்' என்பது 'ஃபி' ஆகும். 'இரு' என்பது 'ஃப்யு' ஆகும். இதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. த், ட், ற், இன் என நன்னூலார் இறந்தகால இடைநிலைகளை வகுத்தார். 'ஓடினான்' என்பது நேர்வழிச் செல்ல, 'புக்கான்', 'நட்டான்', 'பெற்றான்' என்பன ஒற்றிரட்டிக் காலம் காட்டுகின்றன. 'வா' நம்மிடத்தும் 'வந்தான்' எனத் திரிந்தே நிற்கிறது. மிகுதியாகப் பயிலும் வினைகளே மிகுதியாகத் திரிவது எம்மொழிக்கும் உள்ள இயல்பு போலும்.

பிரான்சில் 2016இல் நடப்புக்கு வந்த தொடக்கக் கல்விப் பாடத்திட்டம், இவ்வடிவத்தில் படர்க்கை ஒருமையையும் பன்மையையும் மட்டும் முதன்மையாகக் கற்பிக்கச் சொன்னது. 'நூ பார்லாம்' என்னும் தன்மைப் பன்மை போன்றவை இனித் தேவையில்லையா என்று பெரும் விவாதம் எழுந்தது. படர்க்கைக்கு ஏன் இச்சிறப்பு? 1959இல் மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்த் எழுதிய கட்டுரையில் விடை உண்டு. தனிநிலை இறந்தகாலத்தில் கதை சொல்பவன் மறைகிறான், நிகழ்ச்சிகள் தாமே தம்மைச் சொல்லிக்கொள்வன போல வருகின்றன என்பது அவர் கருத்து. கூட்டுநிலையிலோ 'நான் உனக்குச் சொல்கிறேன்' என்னும் குரல் உடன் கேட்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். நம்மிடம் இவ்விரட்டை இல்லை. 'சொன்னான்' என்பது பாட்டியின் வாயிலும் வரும், புதினத்திலும் வரும். ஒலி சற்று மாறுமே தவிரக் காலம் மாறாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் சிலர் இரு குறுக்குவழிகளை நாடுவர். 'எழுத்தில் மட்டும் உள்ளது' என்றவுடன் 'உரைத்தனன்', 'சென்றனள்' எனப் பழவடிவங்களை எடுப்பது ஒன்று. இது தவறு. பிரெஞ்சுச் சிறுவன் தனிநிலை இறந்தகாலத்தை உறங்கப்போகும்முன் கேட்கும் கதையில் எதிர்கொள்கிறான். அவனுக்கு அது பழந்தமிழ்ச் செய்யுள் போன்றதன்று. கூட்டுநிலையில் துணைவினை இருப்பதைக் கண்டு, 'பேசியிருக்கிறான்', 'வந்திருக்கிறான்' என வரிதோறும் எழுதுவது மற்றொன்று. இது அதனினும் தவறு. 'வந்திருக்கிறான்' என்றால் வந்தவன் இன்னும் இங்கே உள்ளான், அல்லது அவன் வந்துபோனதை நாம் சுவட்டால் உணர்கிறோம் என்பது பொருள். பிரெஞ்சில் அப்பொருள் கட்டாயமன்று. (நம் செய்தித்தாள்களில் அமைச்சர்கள் எதையும் 'கூறாமல்', எப்போதும் 'கூறியிருந்தார்' ஆவதும் இவ்வகை ஆங்கில நோயே. அது வேறு கட்டுரைக்குரியது.)

அங்ஙனமாயின் வேறுபாட்டை எங்கே காட்டுவது? அல்பேர் காம்யுவின் 1942ஆம் ஆண்டுப் புதினம் இதற்கு உரைகல். வெ. ஸ்ரீராம் அவர்கள் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்த்து, 1980இல் க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' அதுவே. காம்யு அந்நூலை ஏறத்தாழ முழுவதும் கூட்டுநிலை இறந்தகாலத்தில் எழுதினார். புதினத்துக்குரிய காலத்தை நீக்கிவிட்டுப் பேச்சுக்குரிய காலத்தை வைத்தது அன்று துணிச்சலான செயல். அடுத்த ஆண்டே சார்த்தர், அதன் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று எழுதினார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதில்லை. ஒன்று முடிந்தபின் மற்றொன்று வெறுமையிலிருந்து தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இந்நூலை 1946இல் பெயர்த்த ஸ்டுவர்ட் கில்பர்ட் குறுவாக்கியங்களைப் பல இடங்களில் இணைத்து ஒழுங்காக ஓடச் செய்தார். 1988இல் மேத்யூ வார்ட் அவற்றை மீண்டும் பிரித்து வைத்தார். ஆங்கில இறந்தகாலம் இரு பிரெஞ்சுக் காலங்களையும் ஒன்றாக்கிவிடுவதால், கில்பர்ட் வழியாகத் தமிழுக்கு வருபவர் இப்படி ஒரு சிக்கல் இருப்பதையே அறியார். ஸ்ரீராம் மூலத்திலிருந்து பெயர்த்ததன் பெருமை, பிரெஞ்சுச் சொற்களின் பொருளறிந்தமையோடு முடிவதன்று.

தமிழில் இத்தீவுகளைக் காக்கும் கருவி காலத்தில் இல்லை. முற்றிலும் எச்சத்திலும் உள்ளது. நம் கதைநடையின் முதுகெலும்பு வினையெச்சம். ஒரு சான்று காண்க:

'காலையில் எழுந்து, குளித்து, கிள்ளானில் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, கடையைத் திறந்தான்.'

'காலையில் எழுந்தான். குளித்தான். கிள்ளானில் ரயிலேறினான். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினான். கடையைத் திறந்தான்.'

இரண்டிலும் காலம் இறந்தகாலமே, செய்திகளும் அவையே. முன்னது கதை. ஒரு செயல் அடுத்த செயலை ஈன்று செல்கிறது. கடைதிறத்தலை நோக்கியே மற்றவை நடக்கின்றன. பின்னதோ நீதிமன்றத்தில் தரும் வாக்குமூலம். ஒவ்வொரு செயலும் முற்றி நிற்கிறது. எது காரணம், எது விளைவு என்று கேட்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். காம்யுவின் தலைவன் இறுதியில் நீதிமன்றத்தில் நிற்பதையும், அங்கே பிறர் அவன் செயல்களை விருப்பம்போல் கோத்துக் காரணம் கற்பிப்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்நடை வெறும் அணியன்று என்பது விளங்கும். அங்கே 'எழுந்து', 'குளித்து' என எச்சமாக்கி இணைக்கும் மொழிபெயர்ப்பாளன், தன்னை அறியாமலே அரசாங்க வழக்கறிஞனின் பக்கம் சேர்ந்துவிடுகிறான்.

தனிநிலை இறந்தகாலத்தால் நடக்கும் கதைக்கு மாறாக எச்சக் கோவையே பொருந்தும். நம் சிலாங்கூரைப் பற்றிய பிரெஞ்சு நூலொன்று இதற்கு உண்டு. ஹான்ரி ஃபோக்கோனியே 1905இல் இங்கு வந்து, கோலசிலாங்கூர்ப் பகுதியில் தோட்டங்கள் அமைத்தவர். இந்நாட்டின் வணிகமுறை எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு 1917இல் தென்னமரத்தில் வித்திட்டவரும் அவரே. அவருடைய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. நம் பாட்டன்மார் பால்வெட்டிய மண்ணின் கதை, அக்கால நாவல் மரபுப்படி, பிரெஞ்சுக்காரர் வாயால் பேசாத ஒரு காலத்தில் பெரும்பாலும் சொல்லப்பட்டது. அதைத் தமிழில் தருபவர் முற்றுகளாகத் துண்டித்தால், காம்யுவுக்கும் ஃபோக்கோனியேவுக்கும் ஒரே குரலாகிவிடும்.

இன்னொரு கருவியும் நம்மிடம் உண்டு. இலக்கண வகுப்பில் அதற்கு உரிய இடம் தருவதில்லை. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்' என்னும்போது வரும் 'ஆம்'. தேவதைக் கதையின் பிரெஞ்சுக் காலத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் இல்லை. ஆயினும் 'ஆம்' போடும் பாட்டி, 'நான் பார்க்கவில்லையப்பா' என்று கைகழுவியும் விடுகிறாள். பிரெஞ்சு வடிவில் அந்தக் கைகழுவல் கிடையாது. ஆதலால் செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' போன்ற நூலில் அது உதவாது. அங்கே விமானி தான் கண்ணாற் கண்டதையே சொல்கிறான். 'ஆம்' சேர்த்தால் அவன் சாட்சியம் பொய்த்துப்போகும். எக்கருவி எங்கே என்பதை மூலத்தின் காலம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

மாணவிக்கு இவ்வளவையும் சொன்னேன். மறுவாரம் அவள் 'அந்நியன்' பாணியில் தானே எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். முழுவதும் வினைமுற்றுகள். அதைத் தன் பள்ளியில் தமிழ்க் கட்டுரையாகக் கொடுத்திருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையால், 'வாக்கியங்களை எச்சங்களால் இணைத்து எழுதுக' என்றிருந்தது. அவ்வாசிரியரை நான் குறைகூற மாட்டேன். முப்பது ஆண்டுகள் கிள்ளானில் நானும் அதே சிவப்பு மையால் அதே வரியை எழுதியவன்தான். அந்தப் பக்கத்தை இருமுறை படித்தேன். ஓரிடத்தில் மட்டும், பேருந்து நிறுத்தத்தில் அவள் தாய் குடையை விரிக்கும் இடத்தில், 'நின்று' என்று ஓர் எச்சம் தவறி விழுந்திருந்தது. அதை 'நின்றாள்' என்று திருத்திக் கொடுத்தேன்.