போதும் என்று சொல்ல வேண்டியவர் யார்?

ஒரு குத்துச்சண்டைச் சாம்பியன் எப்போது ஓய்வு பெறுவது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுதான் தொழில்முறைக் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. அடி வாங்குகிறவர் அவர். முடிவெடுக்கும் உரிமையும் அவருக்குத்தானே இருக்க வேண்டும்? 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனோடு மோதப் போன 32 வயது முகமது அலி முழுசாகத் திரும்பி வருவாரா என்றே பலர் கவலைப்பட்டார்கள். எட்டாவது சுற்றில் விழுந்தவர் ஃபோர்மேன். அதே ஃபோர்மேன் இருபது ஆண்டுகள் கழித்து, 45 வயதில், மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 46 வயதில் ஜான் பாஸ்கலை வென்று பட்டம் சூடினார். பிறந்த தேதியை மட்டும் பார்த்து இவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது அநீதியாகத்தான் இருந்திருக்கும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் இந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த மூளையைக் கொண்டு ஒருவர் தன் ஓய்வைத் தீர்மானிக்க வேண்டுமோ, அந்த மூளையைத்தான் இந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

இது புதிதாகத் தெரியவந்த விஷயமும் இல்லை. ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1928லேயே குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறும் பேச்சையும் தலையில் விழும் அடிகளோடு சேர்த்து எழுதிவிட்டார். இந்தச் சேதம் அன்றைக்கே தெரிவதில்லை. வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். நாக் அவுட் அடி மட்டுமே இதற்குக் காரணம் என்றும் நினைக்கக் கூடாது. ஆளைக் கீழே தள்ளாத அடிகளும், பயிற்சிச் சண்டையில் தினம் தினம் வாங்கும் அடிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே ‘தோற்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்’ என்ற பொதுப்புத்தியின் கணக்கு அடிப்படையிலேயே தவறு. அலி மிக மோசமாக அடிவாங்கிய சண்டைகளில் இரண்டு, அவர் வென்றவை. 1975இல் மணிலாவில் ஜோ ஃப்ரேசியரை வென்றார். 1977இல் நியூயார்க்கில் எர்னி ஷேவர்ஸைப் பதினைந்து சுற்றுகள் தாக்குப்பிடித்து வென்றார். ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு வந்த பரிசோதனை முடிவு சிறுநீரகப் பாதிப்பைக் காட்டியது. நெடுங்காலம் அலியின் மருத்துவராக இருந்த ஃபெர்டி பச்சேகோ அதை அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். பட்டம் அலியின் இடுப்பில் இருந்தது. அந்த நிலையில் யார் பேச்சு எடுபடும்?

1979இல் ஓய்வை அறிவித்த அலி, 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக லாஸ் வேகாஸில் மீண்டும் வளையத்துக்குள் இறங்கினார். உரிமம் தருவதற்கு முன் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவரை மேயோ மருத்துவமனையில் பரிசோதிக்க வைத்தது. விரலால் மூக்கின் நுனியைத் தொடச் சொன்னபோது குறி சற்றுத் தப்பியது. ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னபோது எதிர்பார்த்த லாவகம் இல்லை. இவ்வளவையும் எழுதிய அறிக்கை, சண்டையைத் தடுக்கும்படியான காரணம் எதுவும் இல்லை என்று முடிந்தது. உரிமம் கிடைத்தது. சண்டை நடந்த பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட நடுவர்கள் அலிக்குக் கொடுக்கவில்லை. எதிரே நின்ற ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சிக் கூட்டாளியாக இருந்தவர். கடைசியில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ‘போதும்’ என்றார். இன்னும் ஒரு சுற்று கொடு என்று உதவியாளர் புண்டினி பிரவுன் மன்றாட, டண்டீ அசைந்துகொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு மோதி அலி தோற்றார். 1984இல் பார்க்கின்சன் பாதிப்பு உறுதியானது. அது அடிகளால் வந்ததா என்ற விவாதம் மருத்துவர்களிடையே உண்டு. என் வாதம் அதன் முடிவை நம்பி நிற்கவில்லை. சண்டைக்கு முன்பே தடுமாறிய ஒருவரை அடிவாங்க அனுமதித்தது தவறு என்பதற்கு மேயோ அறிக்கையே போதும். ‘இன்று சண்டையிட முடியுமா’ என்று அந்த ஆணையம் கேட்டது. ‘இவரிடம் ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு குறைந்திருக்கிறது’ என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

வயது வந்த மனிதனின் விருப்பத்தில் தலையிட நீ யார் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் விருப்பம் என்பது விஷயம் தெரிந்து, ஆற அமர யோசித்து எடுப்பது. சாம்பியனைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அவருடைய அடுத்த சண்டையில்தான் பிழைப்பு. அந்த வட்டத்துக்குள் உண்மை எளிதில் நுழைவதில்லை. கண்ணால் பார்த்தவருக்காவது புரியும் என்றால் அதுவும் நடக்கவில்லை. அலியை அடித்த இரவில் கண்ணீர்விட்ட ஹோம்ஸ், தன் கடைசிச் சண்டையைப் போட்டது 2002இல், 52 வயதில். ஃபோர்மேனையும் ஹாப்கின்ஸையும் எடுத்துக்காட்டுபவர்கள், ஃபோர்மேன் 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் வளையத்துக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாப்கின்ஸ் அடிபடாமல் நழுவுவதில் தேர்ந்தவர். அவரையும் 2016இல் ஜோ ஸ்மித் அடித்துக் கயிறுகளுக்கு வெளியே விழவைத்தார். வயது நல்ல அளவுகோல் இல்லை என்பதற்குத்தான் இவர்கள் சாட்சி. ஒருவர் எத்தனை சுற்றுகள் ஆடினார், பயிற்சியில் எவ்வளவு அடிவாங்கினார், பேச்சும் கால்களும் அவருடைய பழைய பதிவுகளோடு ஒப்பிட எப்படி இருக்கின்றன என்பவற்றை ஆண்டுதோறும் குறித்துவர வேண்டும். சண்டையால் ஒரு காசும் லாபமில்லாத மருத்துவர் அதைப் பார்த்துத் தடுக்க வேண்டும். அந்தத் தடை எல்லா ஊரிலும் செல்ல வேண்டும். 2004இல் நியூயார்க் நிறுத்திவைத்த இவாண்டர் ஹோலிஃபீல்ட் 2006இல் டெக்சாஸில் சண்டையிட்டார். அங்கேயும் இங்கேயும் இருந்தது ஒரே தலைதானே!

கடைசியாகப் பணம். லென்னக்ஸ் லூயிஸ் 2003இல் விட்டாலி கிளிட்ச்கோவிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்தபோது, எதிராளியின் முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் வென்றார். மறுஆண்டு பட்டத்தோடு விலகினார். அந்த வெற்றியின் பொருளைச் சரியாகப் படித்த அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் விலக முடிகிற வசதி அவருக்கு இருந்தது. ஜோ லூயிஸுக்கு அது இல்லை. 1942இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நல நிதிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர் அவர். 25 முறை பட்டத்தைக் காத்து 1949இல் ஓய்வு பெற்றவரை அமெரிக்க அரசின் வரிப்பாக்கி திரும்பவும் வளையத்துக்குள் தள்ளியது. 1951இல் 37 வயதில் ராக்கி மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே விழ அடித்தார். ஒவ்வொரு பெரிய சண்டையின் வசூலிலிருந்தும் ஒரு பங்கைக் கட்டாயமாகப் பிடித்து, வீரர் கையுறையைக் கழற்றிய பிறகு மாதாமாதம் கொடுக்காமல், ஓய்வு பெறு என்று அவருக்கு உபதேசம் செய்ய எவருக்கும் தகுதியில்லை. கலிஃபோர்னியா 1982இலேயே வீரர்களுக்கு ஓய்வூதிய நிதி ஒன்றைத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களால் முடியாது என்பதை நான் நம்பவில்லை. ஜோ லூயிஸின் வரிப்பாக்கியை அமெரிக்க அரசு 1950இல் மன்னித்திருந்தால், மார்சியானோவின் முன்னால் போய் நிற்க அவருக்குப் பெரிதாகக் காரணம் எதுவும் இருந்திருக்காது.