குருகின் பார்வை: வருசநாட்டுச் சிறு திருமணங்களும் கேண்டிட் ஒளிப்பட முறையும்

திறவுச்சொற்கள்: வருசநாடு, திருமண ஒளிப்படம், கேண்டிட், கரணம், சாட்சி, அகநானூறு, குறுந்தொகை

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என மூல வைகையை ஒட்டி அமைந்த ஊர்களில் இன்று ஒரு திருமணத்திற்கு ஒளிப்படக்காரரை அமர்த்தும்போது, ‘டிரெடிஷனலா, கேண்டிட்டா’ என்ற கேள்வி எழுகிறது. தமிழகத் திருமணத் தொழிலில் இவ்விரு சொற்களும் இரு வேறு பணிகளைக் குறிக்கும். முன்னவர் மேடைக்கு நேரே நின்று, சடங்குகளையும் வரிசையாக வந்து நிற்கும் உறவினரையும் எடுப்பவர். பின்னவர் ஒதுங்கி நின்று, யாரும் கருவியைப் பார்த்து நில்லாத கணங்களை எடுப்பவர். மண்டபத் திருமணங்களில் இருவரும் பணிபுரிவர். குலதெய்வக் கோயில் வாசலிலோ வீட்டுப் பந்தலிலோ முப்பது நாற்பது பேர் சூழ நிகழும் திருமணத்தில், செலவு கருதி ஒருவர் மட்டுமே அமர்த்தப்படுவார். அந்த ஒருவர் கேண்டிட் கலைஞராக இருக்கும்போது அத்திருமணத்தின் பதிவில் எது நிலைக்கிறது, எது விடுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேண்டிட் முறை மறைந்து நின்று பார்ப்பதில் பிறந்தது. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் எரிக் சாலமன் 1928இல் நீதிமன்ற விசாரணை ஒன்றைத் தொப்பிக்குள் ஒளித்த கருவியால் படமெடுத்தார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு கருவிகள் இம்முறைக்குக் கைகொடுத்தன. கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துவிடுதல் இம்முறையின் முதல் விதி. சிறு திருமணத்தில் கரைவதற்குக் கூட்டமே இல்லை. பந்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் மற்ற அனைவரையும் அறிவர். கழுத்தில் இரு கருவிகளைத் தொங்கவிட்ட அயலார் ஒருவர் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுவார். இதற்குத் தொழிலில் இரு மாற்றுகள் உள்ளன. தொலைவில் நின்று நீண்ட லென்ஸால் எடுப்பது ஒன்று. முதல் நாள் மாலையே வந்து, பந்தல் போடுவோருடனும் சமைப்போருடனும் பழகி, கருவி பொருட்படுத்தப்படாத நிலையை உருவாக்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதே சிறந்தது என்றாலும் அதற்குக் காலம் வேண்டும். காலம் கிட்டாதவர்கள் ‘அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க’ என்று மணமகளிடம் சொல்லி இயல்பைச் செய்து முடிப்பதும் உண்டு. இயல்பென்று பெயரிட்டு நடிப்பைப் பதிவு செய்வதை விட, நேராக நிற்கவைத்து எடுக்கும் பழைய முறை நேர்மையானது.

இதனினும் கருதத்தக்கது கேண்டிட் அழகியலின் மையமான மங்கல். பிளாஷைத் தவிர்த்து, எஃப் 1.8 போன்ற அகன்ற அபர்ச்சரில் எடுக்கும்போது மணமகளின் கண்ணிமை துல்லியமாகவும் பின்னணி வண்ணக் குழம்பாகவும் பதிவாகின்றன. மண்டபத்தில் அப்பின்னணி பிளாஸ்டிக் நாற்காலிகளாகவும் குழல்விளக்குகளாகவும் இருக்கும், மங்குவதால் இழப்பில்லை. சிறு திருமணத்தில் பின்னணியாக நிற்பவர்கள் தாய்மாமனும் நாத்தனாரும் பங்காளிகளும். அவர்கள் காட்சிக்கு அழகூட்ட வந்தவர்கள் அல்லர், அத்திருமணத்தின் சாட்சிகள்.

சாட்சி என்னும் கருத்து தமிழ்த் திருமண மரபில் மிகப் பழையது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்கிறது தொல்காப்பியம். மறுக்கப்படும் அச்சமே சடங்கைத் தோற்றுவித்தது என்பது இதன் பொருள். அவ்வச்சத்தைக் கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடல் காட்டுகிறது. தலைவன் களவில் தன்னைக் கூடிய நாளில் அங்கு வேறு எவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டுமே இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகின் கால்களுக்குத் தினைத்தாள் உவமையாகிறது. குருகு உடனிருந்தது, கண் திறந்திருந்தது, ஆயினும் அதன் நோக்கம் மீனில் இருந்தது. நாளை தலைவன் மறுத்தால் அதனால் பயனில்லை. அழகிய கணத்தை மட்டுமே தேடிச் சுற்றியிருப்போரை மங்கலாக்கும் கருவியும் இக்குருகின் நிலையிலேயே நிற்கிறது. இதற்கு மறுதலையாக, அகநானூறு 256ஆம் பாடலில் பெண்ணொருத்தியின் உறவை மறுத்துப் பொய்ச்சூள் உரைத்தவனைக் கள்ளூர் அவையம் சாட்சிகளை வினவி ஒறுக்கிறது.

இக்கேள்வி இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. 1967ஆம் ஆண்டின் இந்து திருமணத் (தமிழ்நாடு திருத்த) சட்டம் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தோ, மாலையோ மோதிரமோ அணிவித்தோ, தாலி கட்டியோ மணம் செய்துகொள்ளலாம், புரோகிதர் தேவையில்லை. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடைபெறும் திருமணங்கள் செல்லா என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்காமல், இத்திருமணத்திற்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை எனத் தீர்ப்பளித்தது. குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சுவோர் வெளிப்படையாக அறிவிக்க இயலாத நிலையை அத்தீர்ப்பு கருத்திற்கொண்டது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் ஐம்பது பேர் என்ற வரம்பு திருமணங்களைச் சுருக்கியது. அதற்கு முன்னும் பின்னும் எதிர்ப்பால் சுருங்கிய திருமணங்கள் பல. அத்தகைய மணமக்களுக்கு உடன் நின்ற நான்கு முகங்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படம், நெற்றி வியர்வையின் அண்மைக் காட்சிகள் நூற்றினும் மதிப்புடையது.

அதனால் அந்தரங்கக் கணங்களை எடுப்பதே தகாது என்று கொள்ள வேண்டியதில்லை. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் இரண்டும் சிறு திருமணங்களையே காட்டுகின்றன. நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடலில் உளுந்து சேர்ந்த களி, கால்கள் நிரைத்த பந்தல், புதுமணல், விளக்கு, நிலவு உரோகிணியைச் சேர்ந்த விடியல், குடம் சுமந்த முதுபெண்டிர், மணமகளை நீராட்டி வாழ்த்தும் மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் எனக் காட்சி அகலமாகத் தொடங்குகிறது. அதில் எவரும் மங்கவில்லை. நால்வர் என எண்ணிக்கைகூடத் தரப்படுகிறது. அதன்பின்னரே பாடல் இரவின் தனிமைக்குள் சென்று, புத்தாடைக்குள் ஒடுங்கிய மணமகளை நெருங்குகிறது. விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலும் இவ்வொழுங்கையே பின்பற்றி, கூந்தலால் தன்னை மறைத்துக்கொள்ளும் மணமகளிடம் சென்று சேர்கிறது.

இப்பாடல்களில் அந்தரங்கத்தைச் சொல்பவன் கணவனே. கேட்பவர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது: முன்னதில் வாயில் மறுத்த தோழி, பின்னதில் அவன் நெஞ்சு. அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்பது இலக்கண மரபு. கண்டதைச் சொல்லும் உரிமை, கேட்பவர் எல்லை, பெயர் மறைப்பு ஆகிய மூன்றும் இருந்ததால்தான் அவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்தது. ஒளிப்படக்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மணமகள் கண்கலங்கும் படம் பெயரோடும் ஊரோடும் வெளியாகும்போது இம்மூன்றும் ஒருங்கே நீங்குகின்றன. எதிர்ப்பை மீறி மணந்தவர்களுக்கு அவ்வூர்ப்பெயர் ஆபத்தாகவும் முடியலாம். முன்பணம் பெறும்போதே எந்தப் படம் யாருக்கு என்று பேசி எழுதிக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் இன்னும் வேரூன்ற வேண்டும்.

அகநானூற்றுப் பாடல்கள் காட்டும் வரிசை கருவிக்கும் பொருந்தும். தாலி கட்டும் கணத்தில் இரண்டடி பின்னே சென்று, அபர்ச்சரை எஃப் 5.6 அல்லது எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, வெளிச்சக் குறையை ஐஎஸ்ஓவை உயர்த்தி ஈடுசெய்தால், முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல்களும் பின்னே அட்சதையோடு நிற்கும் முகங்களும் ஒரே படத்தில் துலங்கும். படத்தில் சிறிது புள்ளிகள் தெறிக்கும்; ஆல்பத்தின் மெருகும் குறையும். மொய் நோட்டில் ஒவ்வொரு பெயரையும் ஊரையும் விடாமல் எழுதும் வீட்டார் அக்குறையைப் பெரிதாகக் கொள்வார்களா என்பது ஐயமே. அட்சதை விழுந்து முடிந்ததும் பந்தலின் ஓரத்தில் மணமகள் தன் தாயின் அருகே ஒரு கணம் அமர்வாள்; அகன்ற அபர்ச்சருக்கு உரிய நேரம் அப்போது வரும்.