தந்தையும் தோழனும்

புறநானூற்றின் 188ஆம் பாடலில், நெய்ச்சோற்றை அள்ளி மேனியெங்கும் பூசிக்கொள்ளும் மகவைப் பாண்டியன் அறிவுடைநம்பி நமக்குக் காட்டுகிறான். அரசனொருவன் குழந்தையின் செயலை இத்துணை நுணுகி நோக்கியது வியக்கத்தக்கது. ஆயின், அவன் கண்டு மகிழ்பவனே. ஊட்டி வளர்ப்பவன் அல்லன். 312ஆம் பாடலில் பொன்முடியார் இப்பிரிவினையை வெளிப்படையாகவே வகுக்கிறார்: பெற்று வளர்த்தல் தாயின் கடன்; சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன்.

இன்றோ, மனைவி பணிக்குச் செல்ல, இல்லிலிருந்து மக்களைப் பேணும் தந்தையரும் உளர். அவர்தம் துன்பம் சோறூட்டுவதில் இல்லை, தனிமையில் உள்ளது. பணியிடத் தோழர் அகன்றுவிடுகின்றனர். தாய்மார் கூடிப் பேசுமிடத்தில் நிற்கவும் தயக்கம். வேலை இல்லையோ என்னும் ஊரார் வினா வேறு.

இவர்க்குத் துணையாகும் குறளை மக்கட்பேற்றில் அன்று, நட்பில் காணலாம். பழகுதலினும் உணர்ச்சி ஒத்தலே நட்புரிமை தரும் என்பது 785ஆம் குறளின் கருத்து. பரிமேலழகர் இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்று காட்டுவார். காய்ச்சலுற்ற குழந்தையை இரவெல்லாம் தோளிற் சுமந்த தந்தை, அவ்வாறே சுமந்த மற்றொரு தந்தையைக் கண்டால், தன் நிலையை விளக்க வேண்டுவதில்லை. அவனிடம் மருந்தும் கேட்கலாம். மனச்சோர்வையும் நாணாது சொல்லலாம்.

இம்மூன்றையும் வகுப்பில் ஒருங்கே கற்பித்தல் நன்று. தந்தை கையால் உண்டு பள்ளிக்கு வரும் மாணவன், அதனைத் தோழரிடம் மறைக்க வேண்டிய நிலை அப்போது வாராது.