எச்சமும் ஊதியமும்

புறநானூற்றின் 28ஆம் பாடல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியதாகும். குருடு, கூன், செவிடு முதலாய எண்வகைக் குறைகளை ‘எச்சம்’ எனத் தொகுத்துக் கூறும் அப்பாடலில் ‘மருள்’ என்பதும் ஒன்று. மயக்கமுற்ற பிறப்பு என அதற்குப் பொருள் காண்பர். இத்தகைய பிறப்புகளால் ‘ஊதியம்’ இல்லை என்பது அறிந்தோர் கருத்தாக ஆங்கு எடுத்துரைக்கப்படுகின்றது. ஊதியம் என்பது அவ்விடத்துப் பயன் என்னும் பொருளது. இன்று அச்சொல் சம்பளத்தைக் குறிக்கின்றது. இவ்விரு பொருளையும் உடன்வைத்து நோக்குமிடத்து, அப்பழைய மதிப்பீடு நம்மை விட்டு அகன்றுவிட்டதா என்னும் வினா எழுகின்றது.

புலவர் குறையுடையோரை இகழ வந்தவரல்லர். மன்னனை அறத்தின்பாற் செலுத்துவதே அவரது நோக்கம். ஆயினும் குறையற்ற பிறவியின் சிறப்பை உணர்த்துதற்கு ஓர் ஒப்பீடாக மட்டுமே குறையுடையோர் அப்பாடலில் இடம்பெறுகின்றனர். மணிமேகலைக் காப்பியம் இந்நிலையினின்று ஒருபடி முன்சென்றது. ஆபுத்திரன் வரலாற்றில் காணாதவரும் கேளாதவரும் பேணுவாரற்றோரும் அழைத்து உண்பிக்கப்படுகின்றனர். எனினும் அவர்கள் ஆங்கு உண்பவர்களேயன்றி உழைப்பவர்களல்லர். பயனற்றோர் என ஒதுக்குதல், இரக்கத்தோடு ஊட்டுதல் என்னும் இரு நோக்குகள் இவ்வாறு இலக்கியத்திற் பதிவாகியுள்ளன. உழைத்துக் கூலி பெறும் உரிமை என்னும் மூன்றாவது நோக்கு அவற்றில் இல்லை.

இக்குறை இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாத்தற்கென இயற்றப்பட்டது. வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் பாரபட்சம் காட்டலாகாது என அது விதித்தது, இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் வரைவிலக்கணம் யாது? உடல் அல்லது உள ஆற்றலின் குறைவினால், வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற இயலாதவர் என்பதே. குறை முழுவதும் மனிதனிடத்தே வைக்கப்படுகின்றது. அவனைச் சூழ்ந்த பாடசாலைக்கும் தொழிற்றலத்துக்கும் அதிற் பங்கில்லை. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம் இதற்கு மாறாக, குறைபாடும் சமூகத் தடைகளும் ஒன்றோடொன்று மோதுமிடத்திலேயே இயலாமையைக் காண்கின்றது. அதன் 27ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையை வெளிப்படையாகவே வற்புறுத்துகின்றது.

1988ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88 அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் 3 சதவீத வெற்றிடங்களை இயலாமையுடையோருக்கு ஒதுக்கியது. ஆயின், பதவிக்குரிய தகைமை இருத்தல் வேண்டும், குறைபாடு கடமைக்குத் தடையாதல் கூடாது என்பன நிபந்தனைகள். கண்பார்வையற்ற பட்டதாரி ஒருவர் இவ்வாயிலினூடாக நுழைதல் கூடும். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய இளைஞனோ க.பொ.த. சாதாரண தரத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றான். குறைபாடுடையோர் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு வகுத்த சலுகை, அத்தொகுதியினுள்ளும் ஒரு பிரிவினரை வெளியே நிறுத்துகின்றது.

கணக்கெடுப்பிலும் இதே மயக்கம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையோர். நினைவு, கவனம் ஆகியன பற்றிய இடர்ப்பாடு ஒரு தனி வகை. முதுமையில் நினைவிழந்த மூதாட்டியும் டவுண் சிண்ட்ரோம் உடைய இருபது வயது இளைஞனும் அதில் ஒருங்கே அடங்குவர். அவனது தொழிற் பிரச்சினையை அவ்வெண்ணிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

இவர்கள் கற்கவியலாதவர்கள் என்று கூறுதல் பொருந்தாது. கொழும்பின் சித்ரா லேன் பாடசாலையும், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 2004இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலையும் இக்கூற்றைப் பொய்ப்பித்துள்ளன. பாடசாலைக்குப் பின் என்ன என்பதே விடையற்ற வினா. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வளர்ந்த இத்தகைய பிள்ளைகளுட் சிலர் வேலையின்றி இருப்பதுமில்லை. குடும்பக் கடையில் பொதி கட்டுகின்றனர், சாமான் அடுக்குகின்றனர், பாட்டியைக் கவனித்துக்கொள்கின்றனர். ஊழியம் உண்டு, ஊதியம் இல்லை. ‘சும்மா இருக்காமல் ஏதோ செய்யிறான்’ என்பதே அவ்வுழைப்புக்கு வீட்டார் வழங்கும் பெயர்.

இதன் விளைவு பாரதூரமானது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஊழியர் சேமலாப நிதியில் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் தொழிலாளர் 8 சதவீதமும் செலுத்துகின்றனர். சம்பளப் பட்டியலில் பெயரில்லாதவனுக்கு இச்சேமிப்பு இல்லை. எஞ்சுவது அரச கொடுப்பனவே. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத்திட்டம் அதனை மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தியது. அவ்வாண்டு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 27,000 ரூபா. பெற்றோர் உள்ளவரை இவ்வேறுபாடு மறைந்து கிடக்கும். சகோதரர் கடல் கடந்து சென்றபின், முதுமையெய்திய தாயும் மறையும்போது அது முழுவதும் வெளிப்படும்.

பிறந்த நாளிலும் திவச நாளிலும் இல்லங்களுக்கு உணவளிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது அமுதசுரபியின் வழிவந்த நற்பண்பு. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு நாட் சோற்றினால் உரிமைக் கடன் தீர்ந்துவிடுவதில்லை. தேர்வுச் சான்றிதழ் உண்மையாகவே வேண்டப்படாத பணிகளில் அந்நிபந்தனை நீக்கப்படல் வேண்டும். தொழிற்பயிற்சி அவர்கள் அறிந்த தமிழிலேயே கிடைத்தல் வேண்டும். நம் குடும்ப வணிகங்கள் அவர்களின் பெயரைச் சம்பளப் பட்டியலிற் பதிதல் வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் அரசின் பொறுப்பு. மூன்றாவதற்கு எந்தச் சுற்றறிக்கையையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.