திருமழபாடி நந்தி கல்யாணமும் பிரேமார் விளையாட்டும்: பாரம்பரியத் திருவிழாவை எப்படி எடைபோடுவது?

'பாரம்பரியத் திருவிழா' என்ற பெயரை இப்போது எதற்கு வேண்டுமானாலும் வைத்துவிடுகிறார்கள். கல்லூரி வளாகத்தில் ஒன்று, நகரப் பூங்காவில் ஒன்று, துணிக்கடைத் திறப்பு விழாவில்கூட ஒன்று. நாலு கரகம், இரண்டு பொய்க்கால் குதிரை, ஒரு பறைக் குழு இருந்தால் போதும், பாரம்பரியம் ஆகிவிடுகிறது. இதில் எது நல்லது, எது சும்மா காட்சி என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டாமா? அதைத் தேடி இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, நான் நேரில் போய்ப் பார்த்த திருமழபாடி. இன்னொன்று, புத்தகத்திலும் காணொளியிலும் மட்டுமே பார்த்த ஸ்காட்லாந்தின் பிரேமார்.

பிரேமாரில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை மலைநாட்டு விளையாட்டுகள் நடக்கும். மூன்று ஆள் உயர மரத்தூணை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடித் தலைகுப்புறத் தூக்கிப் போடுவார்கள். எவ்வளவு தூரம் விழுந்தது என்பது கணக்கே இல்லை. தூண் புரண்டு எறிந்தவனுக்கு நேர் எதிரே விழ வேண்டும், அவ்வளவுதான். கூடவே குண்டெறிதல், கயிறு இழுத்தல், நடனம், பைக்குழல் போட்டிகள்.

இதெல்லாம் ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வருவதாக நினைத்துவிடக் கூடாது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றதும் அவர்களுடைய கட்டம்போட்ட உடையை அரசு தடை செய்தது. 1782 வரை அந்தத் தடை இருந்தது. (பைக்குழலையும் தடை செய்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது.) பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் அதே உடை அரச மரியாதையோடு திரும்பி வந்தது. 1848இல் விக்டோரியா மகாராணி பிரேமார் விளையாட்டைப் பார்க்க வந்தார். அதே காலகட்டத்தில்தான் ஆட்டுப் பண்ணைகளுக்காக மலைநாட்டுக் குடியானவர்களை நிலத்திலிருந்து விரட்டிக்கொண்டும் இருந்தார்கள். குடிகளை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, அவர்களுடைய உடையை மட்டும் பிரபுக்கள் போட்டுக்கொண்டார்கள். ஹக் ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர், இந்த மலைநாட்டு மரபே பெரிய அளவில் பிற்காலத்தில் புனையப்பட்டது என்று 1983இல் வந்த ஒரு தொகுப்பில் வாதிட்டார்.

அப்படியென்றால் புனைந்தது எல்லாம் போலி, பழையது எல்லாம் அசல் என்று முடித்துவிடலாமா? அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் திருமழபாடிக் கோயில் சுவரிலேயே இருக்கிறது.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற வைத்தியநாத சுவாமி கோயில் இது. ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இதன் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னால், சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அந்த ஏட்டைப் பார்த்து அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே 'பாரம்பரியம்' இங்கே ஒரு முறை இடிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் யார் எதைக் கொடுத்தார், யாருக்கு என்ன உரிமை என்ற கணக்கை விட்டுவிடவில்லை. ஒரு திருவிழா எவ்வளவு பழசு என்று கேட்பதைவிட, மாற்றிக் கட்டும்போது எதைப் படியெடுத்து வைத்தார்கள் என்று கேட்பது உபயோகமான கேள்வி.

இதை வைத்து நந்தி கல்யாணத்தைப் பாருங்கள். பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் இங்கே கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருவையாறு. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கொள்ளிடம் தாண்டி வருகிறார்கள். கல்யாணச் செலவைச் சுற்று ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டதாக ஐதீகம்: சோறு திருச்சோற்றுத்துறை, பழம் திருப்பழனம், பூ திருப்பூந்துருத்தி, நெய் திருநெய்த்தானம். பிறகு சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழா, அந்த ஊர்களுக்கு நன்றி சொல்லப் போகும் பயணம் என்பார்கள். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்' என்ற நம்பிக்கையில், வரன் அமையாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அங்கே நான் பார்த்த முக்கியமான விஷயம், யாரும் பார்வையாளராக வரவில்லை என்பதுதான். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, வேண்டுதல்காரர், சமையல்காரர், பல்லக்குத் தூக்குபவர் என்று ஆளுக்கொரு பாத்திரம். நாதஸ்வரமும் அப்படித்தான். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி, வீதியில் ராக ஆலாபனை, ஊஞ்சலில் ஊஞ்சல் பாட்டு என்று இசைக்கு ஒரு நேரமும் வேலையும் இருக்கிறது. நகரத்து மேடையில் அதே மல்லாரியை ஐந்து நிமிஷத்தில் வாசித்துவிட்டு இறங்கச் சொல்கிறோம். யாரும் எங்கேயும் புறப்படவில்லை. அப்புறம் மல்லாரி எதற்கு?

ஆனால் இதோடு நிறுத்தினால் அது கோயில் பக்கம் சாய்ந்த தீர்ப்பாகிவிடும். ஊர்த் திருவிழாவில் ஆளுக்கொரு பாத்திரம் என்றால், அந்தப் பாத்திரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் சாதி. பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த ஊர்கள் எத்தனை! 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் அரசு விழாவாகத் திரும்பி வந்த சென்னை சங்கமம் மாதிரி மேடைகள், அதே பறையை நகரத்தின் நடுவில், எல்லாரும் கைதட்டும் இடத்தில் நிறுத்தின. கலைஞருக்குச் சம்பளம் கொடுத்தன. இதைச் சின்ன விஷயமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மேடை கொடுத்த மரியாதையை ஊர் கொடுக்கவில்லை.

அப்போ அளவுகோல்தான் என்ன? பழமையும் இல்லை, இடமும் இல்லை. அடுத்து வாசிக்கப்போகிறவன் அங்கே நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். மலைநாட்டு விளையாட்டுகளில் சிறுவர்களுக்கென்று தனிப் பைக்குழல் போட்டிகள் வைக்கிறார்கள். ராஜாவுக்காகப் போட்ட வேஷத்திலிருந்து, பையன்கள் வருஷம் முழுக்கச் சாதகம் பண்ணக் காரணமாக இருக்கும் ஒரு நாள் பிறந்திருக்கிறது. புனைவாகவே இருக்கட்டுமே, அது வேலை செய்கிறது.

நம் பக்கம் பாருங்கள். பைக்குழலில் சுருதிக் குழல்கள் பையோடு ஒட்டியே இருக்கும். நாதஸ்வரத்துக்கு அந்த வேலையைச் செய்வது ஒத்து. அதைப் பிடிக்கத் தனி ஆள் வேண்டும். பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் பையன்தான் அந்த ஆள். குருவின் பக்கத்தில் நின்று, ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே, மல்லாரி எங்கே முடியும், ராகம் எங்கே திரும்பும் என்று காதாலேயே படித்துவிடுவான். இன்று அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. சுருதி பிசகுவதில்லை. பையன்தான் இல்லை. ஊரிலும் இதே கதைதான், மேடையிலும் இதே கதைதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். குழலுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. அதை ஊதக் கற்றுக்கொள்ள நின்ற இடம் போய்விட்டது.

எனவே விழா நடத்துகிறவர்களிடம், அது கோயிலோ அரசோ கல்லூரியோ, ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பத்துக் குழுவுக்குப் பத்துப் பத்து நிமிஷம் என்று பிரிக்காமல், மூன்று குழுவைக் கூப்பிட்டு முழுசாக வாசிக்க விடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒத்துப் பிடிக்க ஒரு பிள்ளைக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் சரி, பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி. ராஜராஜன் காலத்து ஏடு மாதிரி, சுவர் மாறினாலும் அந்தப் பிள்ளையிடம் ஒரு படி இருக்கும்.