எவ்வளவு டீப்?

'டீப்' என்றால் ஆழம் என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவர்கள் நாம். கடல் டீப் என்றால் ஆழம், சரி. குரல் டீப் என்றால்? கட்டைக் குரல். சிவப்பு டீப் என்றால் அடர் சிவப்பு. டீப் ஃப்ரை என்றால் வடை எண்ணெயில் முங்குகிறது. கிரிக்கெட்டில் டீப் மிட்விக்கெட் என்றால் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நில்லுப்பா என்று அர்த்தம். அங்கே பள்ளமும் இல்லை, ஆழமும் இல்லை. வெறும் தூரம்.

இதுவரை வம்பில்லை. பணம் வரும்போதுதான் வம்பு. 'டீப் டிஸ்கவுன்ட் பாண்ட்' கேள்விப்பட்டிருப்பீர்கள். முகமதிப்பைவிட அடிமாட்டு விலைக்கு விற்கிற கடன் பத்திரம். வருஷா வருஷம் வட்டி கிடையாது, கடைசியில் மொத்தமாகத் தருவார்கள். 1993ல் குஜராத் அரசின் சர்தார் சரோவர் நர்மதா நிகம், அணை கட்ட இப்படித்தான் பணம் திரட்டியது. 3,600 ரூபாய் கட்டினால் 20 வருஷம் கழித்து 1,11,000 ரூபாய். பொண்ணு கல்யாணத்துக்கு ஆச்சு என்று பீரோவில் பூட்டி வைக்கத் தோன்றுமா, தோன்றாதா? 2008ல் அரசு ஒரு சட்டம் போட்டது. 2009 ஜனவரியில் 50,000 ரூபாயைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். வருஷத்துக்குச் சுமார் 19 சதவிகிதக் கூட்டுவட்டி, மோசமில்லைதான். ஆனால் ஐம்பதாயிரம் லட்சத்தைத் தாண்டவேண்டியது அந்தக் கடைசி ஐந்து வருஷத்தில்தானே! 'டீப்' அங்கே தள்ளுபடியைத்தான் அளந்தது. வாக்குறுதியை அல்ல.

இப்போது எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் 'டீப் லேர்னிங்'. தமிழில் 'ஆழ்கற்றல்' என்கிறார்கள். ஆழ்வார், ஆழ்ந்த சிந்தனை என்றெல்லாம் பழகின காதுக்கு, கம்ப்யூட்டர் ஏதோ தவமிருந்து ஞானம் பெற்ற மாதிரி கேட்கிறது. விஷயம் ரொம்பச் சாதாரணம். கணக்குப் போடுகிற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய இருந்தால் அது டீப். அவ்வளவுதான். 'பல்லடுக்குக் கற்றல்' என்று சொல்லியிருந்தால் இத்தனை பயபக்தி வந்திருக்காது.

2017ல் கிளம்பிய 'டீப்ஃபேக்' என்ற பெயரும் அந்த அடுக்குகளிலிருந்து வந்ததுதான். யாரோ ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் உடம்பில் ஒட்டுகிற வேலையில் என்ன சார் ஆழம்? இதையும் சிலர் 'ஆழ்போலி' என்று கௌரவமாக எழுதுகிறார்கள். உங்கள் மகன் குரலிலேயே போன் பண்ணி ஒருத்தன் பணம் பறித்தால், போலீஸ் ஸ்டேஷனில் ஆழ்போலி என்றா எழுதிக் கொடுப்பீர்கள்? ஆள்மாறாட்டம் என்று எழுதுங்கள். ஏட்டய்யாவுக்கு உடனே புரியும்.